பள்ளியில் கொடுத்த பழைய லேப்டாப்: எடைக்குப் போடுவதா, ஓட்டுவதா?

கூடலூர் வாசகர் கேட்டது, 17 அக்டோபர் 2025

அண்ணே, தங்கச்சி பிளஸ் டூ படிக்கும்போது, 2014-ல், ஸ்கூல்ல கொடுத்த லேப்டாப் வீட்ல இருக்கு. அவ கல்யாணமாகிப் போயிட்டா. இப்ப என் பொண்ணு ஒன்பதாவது. அதுலதான் டைப் அடிச்சுப் பழகுறா. ஆன் பண்ணினா டெஸ்க்டாப் வர ஆறு நிமிஷம். விண்டோஸ் 10 இந்த 14-ஆம் தேதியோட முடிஞ்சுதுன்னு திரையில வருது. கடையில காட்டினேன். எடைக்குப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்கன்னு சொல்லிட்டாங்க. நிஜமாவே அவ்வளவுதானா?

18 அக்டோபர், காலை

அவ்வளவு இல்லை. போடாதீர்கள். மெஷினைக் கவிழ்த்து, அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். ராம் (வேலை நடக்கும்போது தகவலைப் பிடித்து வைக்கும் நினைவகம்) எவ்வளவு, ப்ராசஸர் எது என்று தெரிந்தால் போதும். ஆறு நிமிஷத்துக்குக் காரணம் படம் பார்க்காமலே தெரியும்: ஹார்டு டிஸ்க்.

18 அக்டோபர், இரவு

படம் வந்தது. 2 ஜிபி ராம், 500 ஜிபி டிஸ்க், செலரான் ப்ராசஸர். நினைத்தபடிதான்.

இந்த வகை டிஸ்க் நிமிஷத்துக்கு 5,400 சுற்று சுற்றும். ஒரு முழுச் சுற்றுக்கு 11 மில்லிசெகண்ட். தேடும் இடம் ஊசிக்குக் கீழே வர, சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்கு நகர அதற்குமேல் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். கேட்க அற்பமாகத்தான் இருக்கும். ஆனால் விண்டோஸ் எழும்பும்போது ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்குகிறது. ஒரு செடியில் ஒரு கொழுந்து கிள்ளிவிட்டு, அடுத்த கொழுந்துக்கு எதிர்மலைத் தோட்டத்துக்கு நடப்பது மாதிரி. சாயங்காலம் வரை நடந்தாலும் கூடை நிறையாது.

எஸ்எஸ்டி என்பது தகவலைச் சில்லுகளில் வைக்கும் டிஸ்க். அதில் சுற்றுவது, நகர்வது எதுவும் இல்லை. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெகண்ட் போதும். அதனால்தான் பழைய மெஷினில் டிஸ்க்கை மட்டும் மாற்றினாலே ஆள் மாறிய மாதிரி ஆகிவிடுகிறது.

ராமும் போதாது. 2 ஜிபி நிறைந்ததும், மிச்சத்தை அதே மந்தமான டிஸ்க்கில் எழுதி வைத்துத் திரும்ப எடுக்கும். டிடிஆர்3 வகையில் ஒரு 4 ஜிபி ராம் குச்சி போட்டுவிட்டால் சரி. டிடிஆர்3 எதுவானாலும் போதும்.

20 அக்டோபர்

"விண்டோஸ் 11 ஏற்ற முடியாதா?" என்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். முறையாக முடியாது. டிபிஎம் 2.0 வேண்டும், செக்யூர் பூட் (நம்பகமான மென்பொருளை மட்டும் வைத்து மெஷின் எழும்பச் செய்யும் வசதி) வேண்டும், ப்ராசஸர் அவர்கள் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான், அதாவது 2017 கடைசிக்குப் பிறகு வந்தவை. டிபிஎம் என்பது பூட்டுச் சாவிகளை டிஸ்க்குக்கு வெளியே தனியாக வைத்துக் காக்கும் சில்லு. மெஷின் திருடு போனாலும் உள்ளே இருப்பதைப் படிக்கவிடாமல் செய்ய அது உதவும். தேவையில்லாத வம்பு என்று நான் சொல்லமாட்டேன்.

ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை தமிழ் தட்டச்சு பழகவும், பாடம் பார்க்கவும், கணக்குப் போடவும் அந்தச் செலரானுக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. திரை நன்றாக இருக்கிறது, கீபோர்டில் ஒரு பொத்தான்கூட விழவில்லை. ஓடுகிற மாட்டை அடிமாட்டுக்கு அனுப்புகிற வேலை இது.

21 அக்டோபர்

குன்னூரிலிருந்து ஒருவர் திருத்தினார். அவர் சொல்வது சரி. 14-ஆம் தேதியோடு எல்லாம் நின்றுவிடவில்லை. வீட்டுப் பயனாளர்களுக்கு விண்டோஸ் 10-க்கான பாதுகாப்பு அப்டேட் இன்னும் ஓராண்டு, 13 அக்டோபர் 2026 வரை, பதிவு செய்துகொண்டால் கிடைக்கும். செட்டிங்ஸை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் எடுக்கச் சம்மதித்தால் பணம் கட்ட வேண்டியதில்லை. அதனால் யாரும் பதறி இந்த வாரமே எதையும் பிரிக்க வேண்டாம். ஒரு வருஷம் கையில் இருக்கிறது.

26 அக்டோபர்

நேற்று சாயங்காலம் நல்ல இடி. கரண்ட் மூன்று தடவை போய் வந்தது. விஷயத்தை விட்டு விலகுகிறேன், ஆனால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

இடி சத்தம் கேட்டவுடன் மோடத்தின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. செம்புக் கம்பியில் இன்டர்நெட் வந்த காலத்தில் இரண்டு மோடம் பறிகொடுத்தவன் நான். முதலாவது ஏப்ரல் மாதக் கோடை மழையில். பிளக்கைப் பிடுங்கியிருந்தேன், டெலிபோன் வயரைப் பிடுங்கவில்லை. மின்னல் அந்த வழியாக வந்து மோடத்தையும் அதோடு இணைந்திருந்த கம்ப்யூட்டரின் மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோனது. அந்தக் கருகிய வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

இப்போது ஃபைபர். கண்ணாடி இழையில் ஒளிதான் போகிறது, மின்சாரம் இல்லை, அதனால் அந்தப் பயம் பாதி குறைந்தது. முழுக்கப் போகவில்லை. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கேபிளின் ஓரத்தில் ஒரு இரும்புத் தாங்குகம்பி ஓடும். அதை வெளிச்சுவரோடு நறுக்கி நிறுத்திவிட்டு, இழையை மட்டும் உள்ளே கொண்டுவர வேண்டும். அவசரத்தில் கம்பியோடு உள்ளே இழுத்துவிட்டுப் போகிறார்கள். உங்கள் வீட்டில் எப்படி என்று எழுந்து போய்ப் பாருங்கள்.

27 அக்டோபர்

"மிஸ்ட் இறங்கினா நெட் போயிடுது, ஏன்?" என்று கேட்டவருக்கு: மூடுபனியில் இருக்கும் நீர்த்துளிகள் சிக்னலைக் குடித்துவிடுகின்றன. மலையில் இதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

30 அக்டோபர்

மேலே சொன்னது தப்பு. இருபது வருஷமாக ஊரில் எல்லோரும் சொல்வதையே நானும் சொல்லிவிட்டேன். உட்கார்ந்து படித்தபோதுதான் புரிந்தது.

நம் போன் பிடிக்கும் அலைவரிசைகளுக்கு மூடுபனி ஒரு பொருட்டே இல்லை. துளி மிகமிகச் சிறிது, அலையோ பல சென்டிமீட்டர் நீளம். அப்படியானால் ஏன் போகிறது? பனியோடு கூடவே வரும் வேறு காரியங்களால். ஈரம் சொட்டும் மரக்கிளை சிக்னலைத் தடுக்கும். காய்ந்த இலையைவிட நனைந்த இலை இன்னும் மோசம். நம் வீட்டுக்கும் டவருக்கும் நடுவில் இருப்பது பாதிக்குப் பாதி கற்பூர மரமும் சில்வர் ஓக்கும்தானே. இன்னொன்று, டவரிலிருந்து டவருக்கு டிஷ் வழியாகப் பேசும் இணைப்புகள். அவற்றின் அலை சிறியது, கனமழையில் உண்மையாகவே தேயும். மூன்றாவது காரணம்தான் பெரியது: கரண்ட். மழை என்றால் எங்கோ மரம் விழும், லைன் போகும், டவர் பேட்டரியில் ஓடும், பேட்டரி தீர்ந்ததும் நின்றுவிடும். நாம் ஜன்னல் வழியே பார்க்கும்போது தெரிவது பனி மட்டும்தான். அதனால் பழியும் அதன்மேல்.

"ஒன்றும் செய்ய முடியாது" என்று எழுதியதைத்தான் முக்கியமாகத் திரும்பப் பெறுகிறேன். ரவுட்டருக்கு ஒரு சிறிய 12 வோல்ட் யுபிஎஸ் வாங்கி வையுங்கள். அதில் சார்ஜ் இருந்து, ஃபைபரும் அறுபடாத வரை நெட் பெரும்பாலும் நிற்காது.

4 நவம்பர்

கூடலூர்த் தம்பி ஊட்டி வந்தவர் அப்படியே கோத்தகிரி பஸ் பிடித்து, லேப்டாப்பைத் துண்டில் சுற்றி, நேரில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். டீகூடக் குடிக்கவில்லை, கடைசி பஸ் போய்விடுமாம்.

இன்று பிரித்தேன். பதினொரு ஸ்குரூ. உள்ளே ஃபேனில் கம்பளி மாதிரி தூசி. பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். ப்ராசஸர் மேலிருந்த பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. துடைத்துப் புதிதாக வைத்தேன்.

எஸ்எஸ்டி கச்சிதமாக உட்கார்ந்தது. ராம்தான் வம்பு. என்னிடம் சும்மா கிடந்த 4 ஜிபி டிடிஆர்3 குச்சியைப் போட்டேன். திரை கருப்பு. எடுத்து, தங்கப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து, மறுபடி போட்டேன். கருப்பு. அப்புறம்தான் பழைய குச்சியின் லேபிளைச் சரியாகப் படித்தேன்: டிடிஆர்3எல். அந்தக் கடைசி 'எல்' எழுத்துக்கு 1.35 வோல்ட் என்று பொருள். என்னுடையது 1.5 வோல்ட். எல் வகைக் குச்சி இரண்டு வோல்ட்டிலும் ஓடும். ஆனால் 1.35 மட்டும் தரும் மெஷினில் சாதாரணக் குச்சி விழிக்காது.

18-ஆம் தேதி "எதுவானாலும் போதும்" என்று எழுதியிருந்தேன். அதைப் படித்து யாராவது வாங்கியிருந்தால் தயவுசெய்து மாற்றிக்கொள்ளுங்கள். பழைய குச்சியில் என்ன எழுதியிருக்கிறதோ அதே எழுத்து, ஒன்றுகூடக் குறையாமல்.

6 நவம்பர்

இன்னொரு சின்ன விஷயம், பலரைச் சுற்றவிடும் விஷயம். இந்த மெஷின் ஒவ்வொரு முறை ஆன் ஆகும்போதும் தேதி 1 ஜனவரி 2014 என்று காட்டியது. எந்த வெப்சைட்டும் திறக்கவில்லை, "பாதுகாப்பற்றது" என்றே வந்தது. வைரஸ் என்று நினைத்து ஃபார்மட் அடிப்பார்கள். அது வைரஸ் இல்லை. வெப்சைட்டுகள் காட்டும் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. உங்கள் கம்ப்யூட்டர் 2014-ல் நிற்கிறது, சான்றிதழ் 2025-ல் பிறந்தது. இன்னும் பிறக்காத ஒன்றை அது எப்படி நம்பும்?

மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி செத்திருக்கிறது. சிஆர்2032. 20 மி.மீ. அகலம், 3.2 மி.மீ. தடிமன், பெயரிலேயே அளவு இருக்கிறது. 3 வோல்ட். வாட்ச் கடையில் கிடைக்கும். எனக்கு நாற்பது ரூபாய் ஆனது.

9 நவம்பர்

ராம் வந்தது. விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எடை குறைந்த எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை ஏற்றினேன். 2029 வரை அப்டேட் உண்டு. 2 ஜிபியிலும் ஓடும், 4 இருந்தால் நிம்மதி. பட்டனை அழுத்தி டெஸ்க்டாப் வர 35 செகண்ட். ஆறு நிமிஷம் எங்கே, இது எங்கே! சமையலறையிலிருந்து என் மனைவியைக் கூப்பிட்டு இரண்டாவது தடவை ஆன் பண்ணிக் காட்டினேன்.

"லினக்ஸா, பிள்ளைக்குப் புரியுமா?" என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று. தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச லேப்டாப் திட்டத்தில் கொடுத்த மெஷின்கள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக் உருவாக்கியது. பெரும்பாலோர் அந்தப் பக்கம் போகவே இல்லை, இடத்தை அடைக்கிறது என்று அழித்தார்கள். நானும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு நாலைந்து மெஷினில் அழித்துக் கொடுத்திருக்கிறேன். இன்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. அப்போதே அதை ஆளுக்குப் பத்து நிமிஷம் சொல்லிக்கொடுத்திருக்கலாம்.

தமிழ்99 கீபோர்டும் வைத்துவிட்டேன். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற அமைப்பு. உயிர் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். "அக்கா" அடிக்க அ, க, க, ஆ. முதல் ககரத்துக்குப் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்கிப் பழகிய கைகளுக்கு முதல் வாரம் எரிச்சல் வரும். ஒன்பதாம் வகுப்புக் கைக்கு வராது, அது இன்னும் எதற்கும் பழகவில்லை.

15 நவம்பர்

போன குறிப்பைப் படித்துவிட்டு ஒரு தேயிலை ஃபேக்டரி கணக்காளர் ஆபீஸ் மெஷினை மாற்றலாமா என்று கேட்டார். வேண்டாம். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் விண்டோஸில்தான் ஓடும். பச்சைத் தேயிலை எடை போடும் தராசோடு பேசும் சாஃப்ட்வேர், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், பழைய பில் பிரிண்டர், ஒவ்வொன்றுக்கும் டிரைவர் வேண்டும். ஒன்று மக்கர் செய்தாலும் அன்றைக்கு இலை கொண்டுவந்தவர் பில் இல்லாமல் வரிசையில் நிற்பார். உற்சாகத்தில் நான் எல்லோருக்கும் ஒரே மருந்து எழுதக்கூடாது. வீட்டுக்கு லினக்ஸ், சரி. பிழைப்பு ஓடும் மெஷினுக்கு, வீட்டுக்கானதை அல்ல, நிறுவனங்களுக்கான நீட்டிப்பை வாங்கிக்கொண்டு, அதற்குள் புதியதுக்குப் பணம் சேருங்கள்.

16 நவம்பர்

10 இன்ச் குட்டி நெட்புக், ஆட்டம் ப்ராசஸர் வைத்திருப்பவருக்கு: பழைய ஆட்டம் பலவும் 32 பிட். உங்களுடையதும் அப்படியானால் மின்ட் ஏறாது. டெபியன் என்ற இன்னொரு லினக்ஸின் 13-ஆம் பதிப்பிலும் அதற்கான இன்ஸ்டாலர் இல்லை. டெபியன் 12 ஏற்றுங்கள், 2028 வரை தாங்கும். யூடியூப் எதிர்பார்க்காதீர்கள்.

23 நவம்பர்

ஊட்டிக்கு அருகே முத்தோரைப் பக்கம் ஒரு வேலையாகப் போனேன். ரேடியோ தொலைநோக்கி தெரியும் வளைவில் வண்டியை நிறுத்திவிட்டு நின்றேன். எத்தனை தடவை பார்த்தாலும் நிற்பேன்.

530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் வடிவமைத்தது, 1970-ல் முடிந்தது. அந்தச் சரிவைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த மலை தேடினார்கள், ஏனென்றால் ஊட்டியின் அட்சரேகையும் 11 டிகிரி. அந்தச் சரிவில் படுக்க வைத்தால் தொலைநோக்கியின் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகிவிடும். ஒரே அச்சில் திருப்பினால் போதும், வானத்தில் ஒரு பொருளைப் பல மணி நேரம் தொடரலாம். பிரதிபலிப்பானுக்குத் தகடு கிடையாது, 24 சட்டங்கள்மேல் இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். காற்று ஊடே போய்விடும். மலையையே பாதி இயந்திரமாக்கிவிட்டார்கள்.

லேப்டாப் பற்றிய இந்தக் குறிப்புகளுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? ஐம்பத்தைந்து வருஷமாக அந்தச் சட்டம் அங்கேயே நிற்கிறது, அதன் பின்னால் உள்ள எலெக்ட்ரானிக்ஸைக் காலத்துக்குக் காலம் மாற்றியிருக்கிறார்கள். பழையதாகும் பாகத்தைக் கழற்ற முடிந்தால், பழையதாகாத பாகம் பிழைக்கும். நம் லேப்டாப்பில் பதினொரு ஸ்குரூ இருந்தது, அதனால்தான் நான் ஏதாவது செய்ய முடிந்தது. இப்போது வரும் மெல்லிய மாடல்கள் பலவற்றில் ராமை போர்டோடு பற்றவைத்து விடுகிறார்கள். வாங்கும்போது ராம் எவ்வளவு என்று கேட்கிறோம், கழற்ற முடியுமா என்று கேட்பதில்லை. கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் மாடல் எண்ணை எழுதிக்கொண்டு வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டு, அடுத்த நாள் போய் வாங்குங்கள். மேட்டுப்பாளையம் இறங்கி, கோயம்புத்தூர் போய், ஒரு பாகத்துக்காக ஒரு நாள் கூலியை விடுகிறவர்கள் நாம். கீழே இருப்பவர்களைவிட நமக்கு இந்தக் கேள்வி அதிகம் வேண்டும்.

2 டிசம்பர்

கழற்றிய 500 ஜிபி டிஸ்க்கை ஒரு யுஎஸ்பி டப்பாவில் போட்டுத் தம்பிக்கு பேக்கப்பாக வைத்திருக்கிறேன். வேகம் குறைவுதான், ஆனால் எடுத்து வைக்க நல்லது. எஸ்எஸ்டியைக் கரண்ட் இல்லாமல் வருஷக்கணக்கில் அலமாரியில் வைத்தால் உள்ளே உள்ள மின்னேற்றம் கசிந்து தகவல் போகலாம். வட்டுக்கு அந்த நோய் கிடையாது.

அதில் தங்கையின் பிளஸ் டூ புராஜெக்ட் இருந்தது. திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை. பழைய ஃபான்ட் முறையில் அடித்தது. எல்லா மொழிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிகோடில் 1991 முதல் பதிப்பிலிருந்தே தமிழ் உண்டு, 2010-ல் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது, ஆனாலும் 2014-ல்கூடப் பல இடங்களில் பழைய ஃபான்ட்தான். அவற்றில் "கொ" என்பதைக் கண்ணுக்குத் தெரிகிறபடி ஒற்றைக் கொம்பு, க, கால் என மூன்று துண்டாக அடிப்போம். யுனிகோடில் முதலில் க, பிறகு ஒகரக் குறி, அவ்வளவுதான், இரண்டு பக்கமும் வரைவது ஃபான்ட்டின் வேலை. அதனால் மாற்றும்போது எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும். மாற்றிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒரு ராத்திரி ஆனது.

வந்தது. பதினான்கு பக்கம். "நீலகிரியில் தேயிலை". கடைசிப் பக்கத்தில் அப்பாவுக்கு நன்றி சொல்லியிருந்தாள். அப்பா இப்போது இல்லையாம். தம்பி போனில் சிறிது நேரம் பேசவில்லை.

14 டிசம்பர்

காலையில் தலைகுந்தாவில் உறைபனி. புல்வெளி முழுக்க உப்பு கொட்டினாற்போல.

வண்டியில் வைத்த போனை அப்படியே சார்ஜ் போடாதீர்கள். லித்தியம் பேட்டரியைப் பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. சட்டைப் பையில் கால் மணி நேரம் வைத்திருந்துவிட்டுப் போடுங்கள். குளிரில் சார்ஜ் வேகமாக இறங்கிவிட்டதே என்று பேட்டரியை மாற்றவும் வேண்டாம், சூடானால் பெரும்பாலும் திரும்பி வரும். இன்வெர்ட்டர் பேட்டரி விஷயத்தில் நமக்குக் கொடுப்பினை. லெட்-ஆசிட் பேட்டரிக்கு வெயில்தான் எமன், மலையில் அது கூடுதல் வருஷம் உழைக்கும்.

ஐரோப்பாவில் 2027 பிப்ரவரியிலிருந்து கையில் எடுத்துப் போகும் கருவிகளின் பேட்டரியைப் பயனாளரே மாற்றும்படி வைக்க வேண்டும் என்று சட்டம் வருகிறது. விதிவிலக்குகள் உண்டு. இங்கேயும் அப்படி ஒன்று வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

இந்த லேப்டாப்பின் பேட்டரி பத்து நிமிஷம் தாங்குகிறது. உப்பவில்லை, அதனால் இருக்கட்டும். உப்பியிருந்தால் அன்றே கழற்றியிருப்பேன்.

28 டிசம்பர்

லேப்டாப் கூடலூர் போய்ச் சேர்ந்தது. பொண்ணு தமிழ்99-ல் எனக்கு நாலு வரி அடித்து அனுப்பியிருக்கிறாள். ஒரு ஒற்றுப்பிழைகூட இல்லை.

ஆனால் இடது பக்கக் கீல் விட்டுவிட்டதாம். திறக்கும்போது மூலை பிளக்கிறது. நான் அனுப்புவதற்கு முன் பார்த்திருக்க வேண்டும். எம்-சீல் வைத்து ஒட்டினால் ஒரு மாதம் வரும், அதற்குமேல் வராது. அதே வருஷம், அதே மாடல், திரை உடைந்தோ போர்டு செத்தோ யார் வீட்டிலாவது கிடந்தால் எடைக்குப் போடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். இடது கீலும் பின்மூடியும் மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமை நான் கூடலூர் போகிறேன், வழியில் ஊட்டியில் யாரிடம் இருந்தாலும் இறங்கி வாங்கிக்கொள்வேன்.